அமர்வு அறாமல் வழிச்செலுத்தற் கொள்கையை மாற்றுதல்: பொங்கலூர் வட்டாரப் பிணையச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இணையம் என்பது தன்னாட்சி பெற்ற பல்லாயிரம் பிணையங்களின் கூட்டு. இப்பிணையங்கள் தமக்குள் வழித்தகவலைப் பரிமாறிக்கொள்ள, பிஜிபி எனப்படும் எல்லை நுழைவாயில் நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. எந்த வழியை ஏற்பது, எதை மறுப்பது, எதற்கு முன்னுரிமை தருவது என்பதைத் திசைவியில் எழுதப்பட்ட கொள்கை தீர்மானிக்கிறது. அக்கொள்கையை மாற்றும்போது அண்டைத் திசைவியுடனான அமர்வைத் துண்டித்து மீண்டும் தொடங்குவது பழைய வழக்கம். அமர்வைக் காத்துக்கொண்டே மாற்றத்தை நடைமுறைப்படுத்தும் முறைகளையும் அவற்றின் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. அமர்வு காக்கப்பட்டால் சேவையும் காக்கப்படும் என்ற பொதுவான நம்பிக்கை முழுமையானதன்று என்பதை 2021, 2022 ஆம் ஆண்டுகளின் நிகழ்வுகள் வழியாக இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: திசைவி, வழிச்செலுத்தற் கொள்கை, அமர்வு, மென்மீட்டமைப்பு, வழிப் புதுப்பிப்பு, பொங்கலூர்.

முன்னுரை

திருப்பூர் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று பொங்கலூர். விசைத்தறியும் பின்னலாடை சார்ந்த தொழில்களும் கோழிப்பண்ணைகளும் வேளாண்மையும் கலந்த வட்டாரம் இது. பின்னலாடை ஏற்றுமதியின் அன்றாடப் பணிகளுள் பெரும்பகுதி இன்று இணையத்தின் வழியே நடைபெறுகிறது. வெளிநாட்டுக் கொள்முதலாளரின் ஆணைகளும் வடிவமைப்புக் கோப்புகளும் இணையம் வழியாகவே வருகின்றன. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஏற்றுமதிப் பட்டியல் மின்னணு முறையில் தாக்கல் செய்யப்படுகிறது. ஆலையின் உற்பத்திக் கணக்கு தொலைவிலுள்ள மேகக்கணினி வழங்கியில் பேணப்படுகிறது. சரக்குக் கப்பலேறும் நாளுக்கு முந்தைய நாளில் ஏற்படும் பத்து நிமிட இணைப்புத் துண்டிப்பு, நகரத்துப் பயனர் ஒருவருக்குச் சிறு இடையூறாகத் தோன்றலாம். ஏற்றுமதியாளருக்கோ அது கெடு தவறுவதற்குக் காரணமாகக்கூடும்.

இத்துண்டிப்புகள் அனைத்தும் கம்பியிழை அறுவதால் ஏற்படுவன அல்ல. பராமரிப்புப் பணியாளர் ஒருவர் திசைவியில் நல்நோக்கத்துடன் செய்யும் சிறு கொள்கை மாற்றமும் இதே விளைவைத் தரக்கூடும். ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும் பிணையத்தில் கொள்கையை மாற்றுவது எவ்வாறு என்ற வினா தொழில்நுட்பருக்கு மட்டும் உரியதன்று. அவ்விணைப்பை நம்பித் தொழில் நடத்துவோர் அனைவருக்கும் உரியது.

அமர்வும் கொள்கையும்

இரு திசைவிகள் டிசிபி நெறிமுறையின் 179 ஆம் துறை வழியாக நிலையான இணைப்பொன்றை ஏற்படுத்திக்கொண்டு, தத்தம் தன்னாட்சி எண்ணையும் திறன்களையும் அறிவித்துக்கொள்கின்றன. இவ்வுறவே அமர்வு எனப்படும். அமர்வு உயிருடன் இருப்பதை உணர்த்தச் சிறு செய்திகள் குறித்த இடைவெளியில் அனுப்பப்படுகின்றன. 2006 ஆம் ஆண்டில் வெளியான பிஜிபி நான்காம் பதிப்பின் வரையறை, ஆர்எஃப்சி 4271, காத்திருப்புக் காலத்துக்கு 90 நொடிகளையும் உயிர்ப்புச் செய்திக்கு 30 நொடிகளையும் பரிந்துரைக்கிறது. காத்திருப்புக் காலத்துக்குள் எச்செய்தியும் வராவிட்டால் அமர்வு முறிந்ததாகக் கொள்ளப்படும். அதன் வழியாகக் கற்ற வழிகள் கைவிடப்படும்.

கொள்கை என்பது இதனின்று வேறானது. அமர்வின் வழியே வரும் செய்திகளைத் திசைவி எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்று வகுக்கும் விதிகளின் தொகுப்பே கொள்கை. இவ்வேறுபாட்டை வாய்க்காற் பாசனம் அறிந்தோர் எளிதில் உணர்வர். பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் நீர், நான்கு மண்டலங்களாகப் பகுக்கப்பட்ட ஆயக்கட்டுக்கு முறைவைத்து விடப்படுகிறது. ஒரு வயலின் மடையை அடைத்து அடுத்த வயலின் மடையைத் திறப்பதற்காக வாய்க்காலின் கரையையே எவரும் உடைப்பதில்லை. வாய்க்கால் அமர்வுக்கும் மடை கொள்கைக்கும் ஒப்பாகும். மடையை மாற்ற வாய்க்காலை உடைத்துக் கட்டும் வழக்கமே பிஜிபியின் தொடக்க காலத்தில் இருந்தது. அதற்குரிய காரணம் நெறிமுறையின் அமைப்பிலேயே உள்ளது.

மூன்று அட்டவணைகள்

திசைவி தன் வழித்தகவலைக் கருத்தளவில் மூன்று அட்டவணைகளாகப் பகுத்துக்கொள்கிறது. அண்டைத் திசைவியிடமிருந்து வந்த வழிகள் யாவும் இடம்பெறுவது வரவு அட்டவணை. உள்வரு கொள்கையால் சலிக்கப்பட்டு, ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட வழிகள் தேர்வு அட்டவணையில் அமைகின்றன. அவற்றுள் வெளிச்செல் கொள்கை அனுமதித்தவை, ஒவ்வோர் அண்டைத் திசைவிக்கும் தனித்தனியே அமையும் அறிவிப்பு அட்டவணையில் இடம்பெறுகின்றன.

வெளிச்செல் கொள்கையை மாற்றுவதில் சிக்கல் குறைவு. அறிவிக்க வேண்டிய வழிகள் தேர்வு அட்டவணையில் ஏற்கெனவே உள்ளன. திசைவி அவற்றைப் புதிய விதியின்படி மறுமதிப்பீடு செய்து, வேறுபாடுகளை மட்டும் அண்டைக்கு அறிவித்தால் போதும்.

உள்வரு கொள்கையின் நிலை வேறு. பிஜிபி ஒரு வழியை ஒருமுறையே அறிவிக்கிறது. மாற்றம் நேர்ந்தால் அம்மாற்றத்தை மட்டுமே தெரிவிக்கிறது. குறித்த இடைவெளியில் முழு அட்டவணையையும் மீண்டும் அனுப்பும் வழக்கம் அதற்கில்லை. நினைவகத்தைச் சேமிக்கும் பொருட்டு, கொள்கையால் மறுக்கப்பட்ட வழிகளைப் பல திசைவிகள் வரவு அட்டவணையில் வைத்திராமல் நீக்கிவிடுகின்றன. நேற்று மறுத்த வழியை இன்று ஏற்க விரும்பினால், அவ்வழியைப் பற்றிய தகவலே திசைவியிடம் இராது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். பொங்கலூர் வட்டாரத்தில் தனக்கெனத் தன்னாட்சி எண் பெற்ற ஒரு சிறு இணையச் சேவை வழங்குநர், ‘அ’, ‘ஆ’ என்னும் இரு மேல்நிலை வழங்குநரிடம் இணைப்புப் பெற்றிருப்பதாகக் கொள்ளலாம். ‘அ’ முதன்மை இணைப்பு. ‘ஆ’விடமிருந்து இயல்புநிலை வழி மட்டும் ஏற்கப்படுகிறது, ஏனையவை மறுக்கப்படுகின்றன. ஐரோப்பியக் கொள்முதலாளரின் தளங்கள் ‘அ’ வழியாகத் தாமதமாகக் கிடைப்பதால், அத்தளங்களுக்குரிய வழிகளை மட்டும் ‘ஆ’விடமிருந்து ஏற்க வழங்குநர் முடிவு செய்கிறார். விதி எழுதப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. ஆயினும் எம்மாற்றமும் நிகழ்வதில்லை. ஏற்கப்பட வேண்டிய வழிகள் முன்னரே நீக்கப்பட்டுவிட்டமையே இதற்குக் காரணம்.

வன்மீட்டமைப்பும் அதன் விலையும்

இந்நிலையில் அமர்வையே துண்டித்து மீண்டும் தொடங்கினால், ‘ஆ’ தன் அட்டவணை முழுவதையும் புதிதாக அனுப்பும். அவை புதிய விதியின்படி சலிக்கப்படும். இது வன்மீட்டமைப்பு. சிஸ்கோ வகைத் திசைவிகளில் ‘கிளியர் ஐபி பிஜிபி’ என்ற கட்டளையுடன் அண்டையின் முகவரியை மட்டும் தந்தால் நிகழ்வது இதுவே.

இதன் விளைவுகள் மூன்று. முதலாவது, அவ்வமர்வின் வழியாகக் கற்ற வழிகள் அனைத்தும் உடனே நீங்குகின்றன. உலகளாவிய ஐபி நான்காம் பதிப்பு அட்டவணை இன்று ஏறத்தாழ பத்து இலட்சம் வழிகளைக் கொண்டது. முழு அட்டவணை பெறும் சிறு திசைவியொன்று அவற்றை மீண்டும் பெற்று நிறுவ நிமிடக்கணக்கில் நேரம் கொள்ளலாம். இரண்டாவது, எதிர்முனையும் இவ்வழங்குநரின் முகவரித் தொகுதியைத் தன் அண்டைகளிடமிருந்து திரும்பப் பெற்றுப் பின்னர் மீண்டும் அறிவிக்கிறது. பொங்கலூரில் இடப்பட்ட ஒரு கட்டளையின் அதிர்வு தொலைநாட்டுத் திசைவிகள் வரை பரவுகிறது.

மூன்றாவது விளைவு பலரும் கருதாதது. அடிக்கடி தோன்றி மறையும் வழிகளைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் வழி அலைவுத் தணிப்பு என்னும் ஏற்பாடு 1998 இல் ஆர்எஃப்சி 2439 வழியாக வரையறுக்கப்பட்டது. பரவலாக அறியப்பட்ட தொடக்க அமைப்பொன்றில், ஒவ்வோர் அலைவுக்கும் 1000 புள்ளி அபராதம் சேரும். 2000 ஐக் கடந்தால் வழி ஒதுக்கப்படும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அபராதம் பாதியாகும். 750 க்குக் கீழிறங்கிய பின்னரே வழி மீண்டும் ஏற்கப்படும். சில நிமிடங்களுக்குள் மூன்று முறை மீட்டமைத்த வழங்குநரின் அபராதம் 3000 ஐ நெருங்கும். அது 750 ஆகக் குறைய இரு பாதியாக்கங்கள், அதாவது ஏறத்தாழ அரை மணி நேரம் வேண்டும். விதியில் நேர்ந்த எழுத்துப் பிழையைத் திருத்தித் திருத்தி மீட்டமைப்பவர், பிழை நீங்கிய பின்னரும் தம் முகவரிகள் சில பிணையங்களுக்கு எட்டாமலிருப்பதைக் காண்பது இவ்வாறே. இந்த வரம்பு மிகக் கடுமையானது என்பதால், 2014 இல் வெளியான ஆர்எஃப்சி 7196 அதனை 6000 அல்லது அதற்கு மேல் உயர்த்தப் பரிந்துரைத்தது. எனினும் எந்தப் பிணையம் எந்த அமைப்பைப் பயன்படுத்துகிறது என்பது வெளியாருக்குத் தெரிவதில்லை.

மென்மீட்டமைப்பு முறைகள்

அமர்வைத் துண்டிக்காமல் கொள்கையை மறுமதிப்பீடு செய்வது மென்மீட்டமைப்பு. இதற்கு இரு வழிகள் உள்ளன.

முதல் வழி, மறுக்கப்பட்டவை உட்பட, வந்த வழிகள் அனைத்தின் படியையும் வரவு அட்டவணையில் பேணுவது. கொள்கை மாறும்போது திசைவி தன்னிடமுள்ள படியையே மீண்டும் சலிக்கிறது; அண்டையின் உதவி தேவையில்லை. ஜூனோஸ் இயங்குதளம் இயல்பாகவே இம்முறையைப் பின்பற்றுகிறது. மாற்றம் உறுதிசெய்யப்பட்டதும் மறுமதிப்பீடு தானாக நிகழ்கிறது. சிஸ்கோ வகைத் திசைவிகளில் இதனை ஒவ்வோர் அண்டைக்கும் தனியே இயக்க வேண்டும். முழு அட்டவணை தரும் அண்டைகள் பல இருப்பின், நினைவகம் குறைந்த சிறு திசைவிக்கு இது பெருஞ்சுமையாகும்.

இரண்டாவது வழி, அண்டையிடமே மீண்டும் கேட்பது. 2000 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 2918 இதற்கென வழிப் புதுப்பிப்பு என்ற புதிய செய்தி வகையை அறிமுகப்படுத்தியது. இத்திறன் தமக்கு உண்டு என்பதை இரு திசைவிகளும் அமர்வின் தொடக்கத்திலேயே அறிவித்திருக்க வேண்டும். கொள்கையை மாற்றியவர் புதுப்பிப்பைக் கோரியதும், அண்டை தன் அறிவிப்பு அட்டவணை முழுவதையும் அதே அமர்வின் வழியே மீண்டும் அனுப்புகிறது. அதுவரை பழைய வழிகள் தொடர்ந்து பயன்படுகின்றன. முற்சொன்ன கட்டளையின் இறுதியில் ‘சாஃப்ட் இன்’ என்று சேர்ப்பதால் நிகழ்வது இதுவே. ஒரு கட்டளையின் இறுதியில் இரு சொற்கள் இருப்பதும் இல்லாததுமே, பயனர் உணராத மாற்றத்துக்கும் வட்டாரம் முழுவதும் உணரும் துண்டிப்புக்கும் இடைப்பட்ட வேறுபாடாகிறது.

இம்முறையில் ஒரு குறை எஞ்சியிருந்தது. மீண்டும் அனுப்பப்படும் பட்டியல் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதைப் பெறுபவர் அறிய வழியில்லை. எனவே இரு திசைவிகளின் அட்டவணைகளுக்கிடையே முரண்பாடு நேர்ந்திருந்தால் அது அவ்வாறே நீடிக்கும். 2014 இல் வெளியான ஆர்எஃப்சி 7313, புதுப்பிப்பின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் அடையாளங்களைச் சேர்த்தது. தொடக்க அடையாளம் வந்ததும் பழைய வழிகள் அனைத்தும் பழையன எனக் குறிக்கப்படுகின்றன. முடிவு அடையாளம் வரும்வரை புதுப்பிக்கப்படாத வழிகள் நீக்கப்படுகின்றன. கணக்குப் பதிவேட்டை ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, உறுதிப்படாத பதிவுகளை நீக்குவதற்கு ஒப்பானது இது.

மென்மீட்டமைப்பு எல்லா மாற்றங்களுக்கும் பொருந்தாது. தன்னாட்சி எண், அமர்வின் கடவுச்சொல், முகவரிக் குடும்பங்கள், அறிவிக்கப்படும் திறன்கள் முதலியன அமர்வின் தொடக்கத்தில் உறுதிசெய்யப்படுவன. இவற்றின் மாற்றம் பொதுவாக அமர்வைப் புதிதாகத் தொடங்குவதையே வேண்டும். அத்தகைய பணிக்கு முன் போக்குவரத்தைத் தானாகவே விலகச் செய்யும் ஏற்பாட்டை, 2018 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 8326 வரையறுத்தது. துண்டிக்கப்படவுள்ள அமர்வின் வழிகளுக்கு 65535:0 என்ற குறியீடு இடப்படுகிறது. அதனை மதிக்கும் எதிர்முனை, அவ்வழிகளின் முன்னுரிமையை மிகத் தாழ்த்தி மாற்று வழியைத் தேர்கிறது. போக்குவரத்து முழுவதும் விலகிய பின்னரே அமர்வு நிறுத்தப்படுகிறது.

இயங்குதளங்களின் நடத்தையும் ஒரே தன்மையதன்று. பேர்டு மென்பொருளில் ‘கான்ஃபிகர்’ கட்டளை, சலிப்பு விதி மாறியிருப்பின் வழிகளை மீண்டும் ஏற்றுகிறது. எதிர்முனைக்கு வழிப் புதுப்பிப்புத் திறன் இல்லையெனில் அமர்வையே மறுதொடக்கம் செய்யக்கூடும். அதனுடன் ‘சாஃப்ட்’ என்ற சொல்லைச் சேர்த்தால் அமர்வு காக்கப்படும்; ஆனால் முன்பே ஏற்கப்பட்ட வழிகள் பழைய விதியின்படியே நீடிக்க, புதிதாக வருவன மட்டும் புதிய விதிக்கு உட்படும். ஒரே அட்டவணையில் இரு கொள்கைகளின் விளைவுகள் கலந்து நிற்கும் இந்நிலையை அறியாதவர், மாற்றம் முழுமையாக நிறைவேறியதாகக் கருதிவிடுவார். ‘சாஃப்ட்’ என்ற ஒரே சொல் இரு மென்பொருள்களில் இரு பொருள் தருவது இங்குக் கருதத்தக்கது.

அமர்வு நிலைத்தும் சேவை அற்ற நிகழ்வுகள்

மென்மீட்டமைப்பு அமர்வைக் காக்கிறது. தவறான கொள்கையிலிருந்து பிணையத்தைக் காப்பதில்லை. தவறான விதியைத் தடையின்றியும் விரைவாகவும் பரப்புவதும் அதன் இயல்பே.

2021 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் வோடஃபோன் ஐடியா நிறுவனத்தின் 55410 என்னும் தன்னாட்சிப் பிணையம், தனக்குரியன அல்லாத 30,000 க்கு மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தன்னுடையனவாக அறிவித்தது. உலகின் பல பிணையங்களுக்குரிய போக்குவரத்து சிறிது நேரம் அதனை நோக்கித் திரும்பியது. எதிர்முனைப் பிணையங்களின் உள்வரு சலிப்பு கண்டிப்பாக இருந்திருப்பின் அவ்வறிவிப்பு பரவியிராது. வெளிச்செல் கொள்கையின் பிழையை அண்டையின் உள்வரு கொள்கையே தடுக்க இயலும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

2022 ஜூன் 21 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனம், பிஜிபி கொள்கையில் செய்த ஒரு மாற்றத்தால் தன் 19 தரவு மையங்களின் முகவரிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவற்றுள் மும்பையும் ஒன்று. எண்ணிக்கையில் அம்மையங்கள் அந்நிறுவனப் பிணையத்தின் 4 விழுக்காடு. ஆனால் மொத்தக் கோரிக்கைகளில் ஏறத்தாழ பாதியை அவை கையாண்டன. இந்திய நேரப்படி முற்பகல் 11.57 க்குத் தொடங்கிய தடை பிற்பகல் 1.12 வரை நீடித்தது. விதிகளின் வரிசை மாறியதே இதன் காரணம்: மறுக்கும் விதி, அனுமதிக்கும் விதிக்கு முன்னால் வந்துவிட்டது. கொள்கை விதிகள் மேலிருந்து கீழாக மதிப்பிடப்படுவதால், முன்னதாகப் பொருந்திய மறுப்பே முடிவாகியது. திருத்தும் முயற்சியில் ஒருவர் மாற்றத்தை மற்றவர் அறியாமல் திரும்பப் பெற்றதும் தாமதத்தைக் கூட்டியதென அந்நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

அடுத்த மாதம், 2022 ஜூலை 8 அன்று, கனடாவின் ராஜர்ஸ் நிறுவனத்தில் பகிர்வுத் திசைவிகளிலிருந்து ஒரு கொள்கை வடிகட்டி நீக்கப்பட்டது. தடுக்கப்பட்டிருந்த வழிகள் மையத் திசைவிகளுக்குள் பெருக்கெடுத்து அவற்றைச் செயலிழக்கச் செய்தன. 1 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் ஒரு நாளுக்கும் மேலாகப் பாதிக்கப்பட்டனர். ஏழு கட்டப் பணியின் ஆறாம் கட்டம் அது. முந்தைய கட்டங்கள் இடையூறின்றி முடிந்தமையால் இக்கட்டத்தின் அபாய மதிப்பீடு தாழ்த்தப்பட்டிருந்தது. பராமரிப்புக்குரிய அணுகுவழியும் அதே மையப் பிணையத்தைச் சார்ந்திருந்ததால், பொறியாளர்கள் திசைவிகளை எட்டவே அரும்பாடுபட்டனர்.

அமர்வு என்ற சொல்லின் மூன்று அடுக்குகள்

திருப்பூர் வட்டாரத்தின் சிறு ஆலைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தன்னாட்சி எண்ணோ சொந்த முகவரித் தொகுதியோ தேவைப்படுவதில்லை. இரு நிறுவனங்களின் இணைப்புகளை ஒரு திசைவியில் சேர்த்து, முகவரிப் பெயர்ப்பு வழியாகப் பயன்படுத்துவதே அவற்றுக்கு எளிது. இங்கு ‘அமர்வு’ என்பதன் பொருள் விரிகிறது. திசைவிகளுக்கிடையிலான பிஜிபி அமர்வு முதல் அடுக்கு. திசைவியும் தீச்சுவரும் ஒவ்வோர் இணைப்புக்கும் பேணும் நிலைக்குறிப்பு இரண்டாம் அடுக்கு. பயனரின் கணினிக்கும் தொலைவழங்கிக்கும் இடையிலுள்ள டிசிபி இணைப்பு மூன்றாம் அடுக்கு.

சொந்த முகவரித் தொகுதியுடைய பிணையத்தில் போக்குவரத்து ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்கு மாறினாலும் பயனரின் முகவரி மாறாது, மூன்றாம் அடுக்கு பொதுவாக நிலைக்கும். முகவரிப் பெயர்ப்பைச் சார்ந்த ஆலையில், இணைப்பு மாறியதும் வெளியில் தெரியும் முகவரியே மாறிவிடுகிறது. தொலைவழங்கி அப்பொதிகளைத் தான் அறிந்த இணைப்புக்குரியனவாக ஏற்பதில்லை. பாதி பதிவேறிய கோப்பு நின்றுவிடும். உள்நுழைந்திருந்த தளம் மீண்டும் கடவுச்சொல் கேட்கலாம். திசைவியில் எவ்வமர்வும் அறாத நிலையிலேயே பயனரின் அமர்வு அறுகிறது.

இதற்குத் தீர்வு இணைப்புக் குறியிடல். நடப்பிலுள்ள ஒவ்வோர் இணைப்புக்கும் அது எவ்வழியில் தொடங்கியதோ அவ்வழியின் குறி இடப்படுகிறது. கொள்கை மாறிய பின்னரும் குறியுள்ளவை பழைய வழியிலேயே செல்லும். புதிதாகத் தொடங்குவன மட்டும் புதிய வழியில் செல்லும். பழைய இணைப்புகள் ஒவ்வொன்றாக இயல்பாக முடிய, சுமை படிப்படியாக இடம்மாறுகிறது. லினக்ஸ் சார்ந்த திசைவிகளிலும் மைக்ரோடிக் திசைவிகளிலும் இவ்வசதி உள்ளது.

நடைமுறை ஒழுங்கு

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு பணி ஒழுங்கை வகுக்கலாம். முதலாவதாக, அண்டை வழிப் புதுப்பிப்புத் திறன் உடையதா என்பதை மாற்றத்துக்கு முன்பே உறுதிசெய்தல் வேண்டும். இரண்டாவதாக, நடப்புக் கொள்கையின் படியையும், ஏற்கப்பட்ட, அறிவிக்கப்பட்ட வழிகளின் எண்ணிக்கையையும் பதிவு செய்தல் வேண்டும். பின்னர் ஒப்பிட அதுவே அளவுகோல். மூன்றாவதாக, ஓடும் விதியை வரிவரியாகத் திருத்துவதற்கு மாறாக, புதிய பெயரில் முழு விதியையும் எழுதி முடித்து, அண்டையின் கொள்கைச் சுட்டை ஒரே செயலில் மாற்றுதல் நலம். அரைகுறையாக எழுதப்பட்ட விதி நடைமுறைக்கு வருவதை இது தவிர்க்கும்.

நான்காவதாக, தானாகத் திரும்பும் பாதுகாப்பை அமைத்தல் வேண்டும். ஜூனோஸில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ கட்டளை, பத்து நிமிடத்துக்குள் மறு உறுதி தரப்படாவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்புகிறது. பேர்டிலும் இத்தகைய காலவரையறை உண்டு. அதன் இயல்பளவு 300 நொடி. பொங்கலூரில் உள்ள திசைவியைக் கோவையிலிருந்து இயக்குபவர் தம் கட்டளையாலேயே தம் அணுகுவழியை இழக்கும்போது, இப்பாதுகாப்பே அவரை மீட்கும். ஐந்தாவதாக, ஒரே நேரத்தில் ஓர் அண்டையில் மட்டும் மாற்றத்தைச் செய்து, வழி எண்ணிக்கையையும் போக்குவரத்து அளவையும் பயனர் தரப்புச் சோதனையையும் பார்த்த பின்னரே அடுத்த அண்டைக்குச் செல்லுதல் வேண்டும். முந்தைய கட்டம் இடையூறின்றி முடிந்தது என்பது அடுத்த கட்டத்தின் அபாயத்தைக் குறைப்பதில்லை. ராஜர்ஸ் நிகழ்வு இதற்குச் சான்று.

முடிவுரை

வழிச்செலுத்தற் கொள்கையை மாற்ற அமர்வைத் துண்டிக்க வேண்டிய தேவை, 2000 ஆம் ஆண்டின் வழிப் புதுப்பிப்பு வரையறையோடு பெருமளவு நீங்கிவிட்டது. எனினும் கருவி மென்மையானது என்பதால் மாற்றமும் மென்மையானதாகிவிடாது. அமர்வின் நிலை, வழிகளின் நிலை, பயனர் இணைப்பின் நிலை ஆகிய மூன்றையும் தனித்தனியே சோதித்த பின்னரே மாற்றம் இடையூறின்றி நிறைவுற்றதாகக் கொள்ள இயலும். திசைவியின் திரையில் அமர்வு நிலைபெற்றிருப்பதாகத் தோன்றும் அதே நேரத்தில், ஓர் ஏற்றுமதியாளரின் பதிவேற்றம் பாதியில் நின்றிருக்கக்கூடும். மாற்றத்தின் வெற்றியை அளக்க வேண்டிய இடம் அப்பயனரின் மேசையே ஆகும்.